ஹாலாங் படகில் இன்னொரு கைடு

ஹனோயின் பைக் கூட்டத்துக்கு நடுவே சாலையைக் கடக்கப் பயந்து, நேற்றெல்லாம் என் கையை விடாத என் மனைவி செல்வி, இன்று ஹாலாங் விரிகுடாப் படகில் கைடு சொல்வதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடலுக்குள் நிற்கும் இரண்டு பாறைகளைக் காட்டி, "சண்டைக்கோழிகள்" என்கிறான் அவன். அதற்கும் சிரிப்பு.

"இவரும் கைடுதான், கொடைக்கானல்ல" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவனிடம் சொல்லிவிடுகிறாள்.

அவன் மைக்கை என்னிடம் நீட்டுகிறான். "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் சார்."

விடுவேனா? தூண் பாறையை மேகம் மூடுவதையும், காத்திருந்தால் சட்டென்று விலகுவதையும் சொல்கிறேன். படகே கைதட்டுகிறது. செல்வி மட்டும் தட்டவில்லை.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டுறீங்க. பழனியில கெடக்குற என்னைய இந்தப் பதினெட்டு வருஷத்துல ஒரு நாளாவது அங்க கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

மைக்கைக் கைடிடமே கொடுக்கிறேன்.