பொலித்தீன் கழற்றாத கதிரை

முதலாளியின் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. வாங்கிய நாளில் சுற்றியிருந்த பொலித்தீனைக்கூட அவர் கழற்றவில்லை. அவருடைய றேடியோ திருத்தும் கடைக்குப் பயிற்சி கேட்டு வருபவர்களில் யார் அதில் உட்காரலாம் என்பதை ஒரேயொரு கேள்வியால் தீர்மானிப்பார்: "பிள்ளை எவடம்?" ஊர் பிடித்திருந்தால் "இருங்கோ" என்பார். என்னிடம் சொல்லவில்லை.

நான் இலங்கைத்துறை என்றதும் என் சான்றிதழ்களைப் பார்க்காமலே தள்ளிவிட்டார். "அங்கத்தை ஆக்களுக்கு மீன் பிடிக்கத்தான் ஏலும். இது ஏலாது." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காலம் போனால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன்.

இன்று துறைமுக வீதியில், மீன்பிடிப் படகுகளின் றேடியோ திருத்தும் சின்னக் கடை எனக்கு இருக்கிறது. போன மாதம் பயிற்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்தவர்களிடம் நான் ஊர் கேட்கவில்லை. பழுதான றேடியோவைக் கையில் கொடுத்தேன். ஒருவன் அதைத் திறக்காமலே "இது சரிவராது, புதுசு வாங்கச் சொல்லுங்கோ" என்றான். வாயால் வேலை செய்கிறவன். அனுப்பிவிட்டேன். ஒரு பெண் மட்டும் பேசாமல் திறந்து, உப்புப் பிடித்த கம்பியைச் சுரண்டி, அதைப் பேச வைத்தாள்.

"எங்க பழகினீங்கள்?"

"அப்பாட கடையில, அக்கா. இப்ப பூட்டியாச்சு." கடையின் பெயரைச் சொன்னாள். அதே முதலாளி.

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. வேறு இடம் கிடைக்காமல்தான் என்னிடம் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு கெட்ட சந்தோஷமும் வந்தது. ஆனால் கைவேலையைப் பார்க்காமல் பிறந்த இடத்தைப் பார்த்துத் துரத்தினால், அந்த மனிதருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரைப் போல ஆவதைவிட அவருடைய மகளுக்குத் தொழில் பழக்குவது மேல். நாளைக்கு வரச் சொன்னேன்.

மறுநாள் அவரும் கூடவே வந்தார். மகள் நிற்க, என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் கேட்காமலே உட்கார்ந்தார். என்னை அவருக்கு நினைவே இல்லை.

"நல்ல கடை," என்றார். "தங்கச்சி எவடம்?"

"இலங்கைத்துறை," என்றேன். "எழும்புங்கோ ஐயா. அந்தக் கதிரை பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு."