பாத்ரூம் வைத்த வண்டி

எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது. அப்பா வெல்டிங் பட்டறையில் தீப்பொறிக்கு நடுவே நிற்பார். அம்மா சயான் ஸ்டேஷனில் காலை நேரக் கூட்டத்தில் முண்டியடித்து ரயிலேறுவாள். அவர்கள் இருவருக்கும் சேர்த்து நான் பயந்துகொள்வேன். லிஃப்ட், பல்லி, கணக்கு டீச்சர், மூடிய கதவு, திறந்த கதவு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. நான்காம் வகுப்பு படித்த வருஷம், தீபாவளி லீவுக்கு முன்னால், நாங்கள் குடியிருந்த வீடும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

தாராவியில் எங்கள் சந்துக்கு சர்வேக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. வீடு வீடாக வந்து காகிதங்களைப் பார்த்துவிட்டுக் கதவில் பெயின்டால் நம்பர் எழுதுவார்களாம். நம்பர் இருந்தால் பின்னால் கட்டடம் எழும்பும்போது நமக்கு ஒரு வீடு உண்டு. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நம்பர் கிடையாது. மூலை வீட்டு அக்கா குழாயடியில் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேப்பரு யாரு கையில இருக்கோ, வீடு அவங்களுக்குத்தான்" என்று அவள் சொன்னபோது நான் குடத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் காகிதங்கள் அரிசி டிரம்முக்குள் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. ரேஷன் கார்டு, பழைய லைட் பில்கள், அப்புறம் குடிசைக்காரர்களுக்கு எப்போதோ கொடுத்த போட்டோ பாஸ். வீடு அம்மா பெயரில் என்பதால் அதில் அம்மாவின் படம் இருந்தது. கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதிதில் எடுத்தது.

இதே சமயத்தில் அம்மாவுக்கு வேறொரு கிறுக்கு பிடித்திருந்தது. குடும்பத்தோடு வண்டியிலேயே ஊர் சுற்றுகிறவர்களின் வீடியோக்களை போனில் விடாமல் பார்ப்பாள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தித் தோசை சுடுகிறவர்கள், கடற்கரையில் துணி காயப்போடுகிறவர்கள் எல்லாரையும் சொந்தக்காரர்களைப் போல அவளுக்குத் தெரியும். அம்மா அதுவரை போன பயணமெல்லாம் திருநெல்வேலிக்கு ரயிலில், நடு பெர்த்தில். "பாக்கணும்னு தோணுத எடத்துல வண்டிய நிப்பாட்டணும். ஒரே ஒரு தடவ போதும்" என்றாள் அப்பாவிடம். அப்பா சரி என்று சொன்னதற்கு அவரே ஆச்சரியப்பட்டிருப்பார்.

மூன்று நாள் கொங்கண் கடற்கரைப் பக்கம் போவது என்று முடிவாயிற்று. எதில் போய் எதில் தங்குவது என்பதில்தான் சண்டை. மாமா செம்பூரில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்ததால் அவருடைய ஓட்டு டென்ட்டுக்கு. அப்பா கேரவன் கட்சி. எஞ்சின் இல்லாத சின்ன வீடு அது, ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போவது. கொக்கியைத் தானே வெல்டு வைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். சித்தப்பா கோவண்டியில் ஒரு கேரேஜில் டிரைவர். அவருடைய முதலாளி பழைய டெம்போ ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்து மோட்டார்ஹோம் ஆக்கியிருந்தார். ஓட்டிப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

மாமா ஒரு நாள் டென்ட்டைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே விரித்துக் காட்டினார். எங்களுடையது ஒற்றை அறை. டென்ட் நிமிர்ந்ததும் பாத்திர அலமாரி ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம் அமுங்கிக்கொண்டன, அம்மா சுவரோடு சுவராக நின்றாள். என்னை உள்ளே போகச் சொல்லி ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பம் முழுவதும் வந்துவிட்டது. டென்ட் அன்றோடு தோற்றது.

கேரவனை அம்மா ஒரே கேள்வியில் முடித்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருக்கிற பெட்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டாள். அப்பா கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அம்மா மோட்டார்ஹோம் என்று சொன்னதற்கு எஞ்சின் காரணமில்லை, உள்ளேயே பாத்ரூம் இருந்ததுதான் காரணம். சந்துக் கோடியில் வாளியோடு வரிசையில் நின்று பழகியவளுக்கு அதைவிடப் பெரிய வசதி என்ன இருக்க முடியும்?

இதையெல்லாம் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இன்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. வீடு போகப்போகிறது, அதனால் இனிமேல் எதில் குடியிருப்பது என்று பெரியவர்கள் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். டென்ட்டில் இருந்தால் ஸ்கூல் டைரியில் என்ன விலாசம் எழுதுவது? கேரவனுக்குள் இருக்கும்போது கொக்கி கழன்றுகொண்டால்? மோட்டார்ஹோம் என்று முடிவானதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அதுவாவது ஸ்கூல் வாசலுக்கு வரும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா, தான் வரவில்லை என்றாள். சர்வே எந்த நாளும் வரலாம், வீட்டுக்காரி இருந்தாக வேண்டும், வண்டியோ அந்த மூன்று நாள்தான் கிடைக்கும். பயணத்தை விட்டுவிடலாம் என்றார் அப்பா. "பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நான் எங்க போயிரப் போறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா புளியோதரைக்குப் புளியைக் கரைத்தாள். எனக்கு விளங்கியதெல்லாம் அம்மா இல்லாமல் நாங்கள் குடிபோகிறோம் என்பதுதான். காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தானே வீடு? விடியற்காலையில் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் டிரம்மைத் திறந்து, கவரை எடுத்து என் ஸ்கூல் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு நான் நம்பினேன்.

பன்வேல் தாண்டியதும் அப்பாவின் போன் அடித்தது. வண்டிச் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, டிரம்முல கவரக் காணல. ரெண்டு சந்து தள்ளி வந்துட்டாங்க. எங்கயாவது எடுத்து வச்சியளா?"

அம்மாவின் குரல் அப்படி நடுங்கி நான் அதுவரை கேட்டதில்லை. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கவரை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். தப்பு செய்துவிட்டோம் என்பது புரிந்தது, எது தப்பு என்பது புரியவில்லை.

அப்பா கதவைத் தட்டினார். "ஏட்டி, வாந்தி வருதா?"

கவரைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். பிறகு வண்டி நின்று, திரும்புவது தெரிந்தது. அப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் வெளியே வந்தபோது அவர் கவரை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாஷி பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அப்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அம்மாவுக்குப் போன் போட்டார். பக்கத்துச் சந்துக்கு வந்துவிட்டார்கள். நம் சந்துக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா போனை எடுக்கவில்லை. மான்குர்டில் சித்தப்பா பிரேக் போட்டபோது அலமாரியில் இருந்த தட்டுகளெல்லாம் சரிந்து விழுந்தன. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

எங்கள் சந்துக்கு வெளியே தொண்ணூறு அடி ரோட்டில் வண்டி நின்றதும் அப்பா ஓடினார், நான் பின்னால் ஓடினேன். எங்கள் வாசலில் அம்மா நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எதிரே இரண்டு பேர், கையில் காலி டீ கிளாஸ். அது மூன்றாவது டீ என்று மூலை வீட்டு அக்கா பின்னால் சொன்னாள். "பாஞ்ச் மினிட், சாப்" என்று இந்தியில் ஐந்து நிமிஷம் கேட்டுக் கேட்டே அவர்களை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கதவில் நம்பர் ஈரமாக இருந்தது.

அவர்கள் கவரைப் பிரித்தார்கள். போட்டோ பாஸில் இருந்த சின்னப் பெண்ணையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த முகம்தான் இந்த முகம் என்று அவர்களுக்குச் சம்மதமாவதற்குள் என் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஒருவர் பிரஷ்ஷை எடுத்து எங்கள் கதவில் எழுதினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன்ட்டி எடுத்த?"

"வீடு போயிரக் கூடாதுன்னு."

என் தலையைப் பிடித்துத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டாள். கோபத்தில் அழுத்துகிறாள் என்று நினைத்து நான் இன்னும் கெட்டியாகக் கண்ணை மூடினேன்.

எல்லாம் முடிந்தது, இனி நீயும் வா என்று அம்மாவை அழைத்தார் அப்பா. ஆனால் போட்டோ எடுக்க வேறு ஆள் நாளையோ மறுநாளோ வருவார், வீட்டுக்காரி இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா வரவில்லை என்று தலையாட்டிவிட்டு டீ கிளாஸ்களைக் கழுவினாள். சித்தப்பாதான் கேட்டார்: "மதினி, நீங்க ஒரு ரவுண்டாவது வாங்க."

மூலை வீட்டு அக்காவை வாசலில் உட்கார வைத்துவிட்டு அம்மா வண்டிக்கு வந்தாள். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகி முகம் கழுவிக்கொண்டாள். விழுந்து கிடந்த தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். பிறகு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா சயான் சிக்னல் வரை போய்த் திரும்பினார். வெளியே அவள் தினமும் நடக்கிற ரோடுதான், ரிக்‌ஷா, தோல் பைக் கடை, ஆஸ்பத்திரிச் சுவர். அம்மா ஒன்றைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் பத்து நிமிஷம்.

"போதும்" என்று சொல்லி இறங்கிக்கொண்டாள்.

போதும் என்றால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். வீடு பிழைத்தது, அடி விழவில்லை, கடல் பார்க்கப் போகிறோம். பிறந்ததிலிருந்து பயந்துகொண்டே இருந்த எனக்கு அந்த ஒரு நிமிஷம் எந்தப் பயமும் இல்லை. வேறு யாராவது வருவதற்குள் ஓடிப்போய், அம்மா எழுந்துபோன அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.