விடுப்பிலும் என்னைத் தேடிய மென்பொருள்

நிறுவனத்தின் கைபேசி, மடிக்கணினி எல்லாவற்றையும் சென்ற வாரம் ஒரே மென்பொருளின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள், நம்பினேன்.

இன்று முறைப்படி விடுப்பு. பேருந்தில் இருந்தபோது நிறுவனக் கைபேசியில் கணினிப் பிரிவு ஆரோக்கியம் அழைத்தார்.

"சார், சித்தையன்கோட்டைப் பக்கம் போறீக போல?"

"லீவுல எங்க போனா உங்களுக்கென்ன தம்பி?"

"நானா கேக்குறேன்? சிஸ்டம் கேக்குது சார். காரணம் போடலைன்னா மேனேஜருக்குப் போயிரும்."

"மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறேன்."

"மாப்பிள்ளை என்ன செய்றாரு சார்?"

"இதையும் சிஸ்டம் கேக்குதா?"

"இல்ல சார், இது நான் கேக்குறேன்."

மகளின் திருமணப் பேச்சை நாங்கள் உறவினரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் அந்தக் கைபேசியை அலுவலக மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மென்பொருளைப் பொறுத்தவரை, விடுப்பு நாளிலும் நான் பணியில் இருக்கிறேன்.

உங்கள் நிறுவன மென்பொருள் உங்களை எங்கே இருப்பதாகக் காட்டுகிறது?