முனியாண்டி கல்லில் பதினோரு சட்டை

பந்தாட்டம் முடிந்ததும் ஐயாசாமி தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவது எப்போதும் தோற்ற கட்சியின் பக்கம்தான். ஒரு தடவை மூவாரிலிருந்து லாரியில் வந்த கட்சி எங்கள் தோட்டத்திடம் ஏழு கோல் வாங்கியது. அதன் கோல் காப்பாளர் சுப்ஹான் யார் முகத்தையும் பார்க்காமல் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஐயாசாமி அவர் எதிரே குந்தி, சேறு போகக் காலில் தண்ணீர் ஊற்றினார். “உங்களுக்கு முன்னாடி பத்து பேரு கோட்ட விட்டானுங்க பாய். கடைசியா நின்னவரு நீங்க, அவ்வளவுதான்” என்றார். கோவிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த என்னைக் கண்டதும், திருட்டில் அகப்பட்டவர் மாதிரி நழுவிப் போய்விட்டார்.

மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. முனியாண்டிக்கு விளக்கேற்றுகிறவன் நான். ஐயாசாமிக்குப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிடும் வேலை. கண் இரண்டும் எந்நேரமும் சிவந்திருக்கும்; கிட்ட வந்தால் புகை மணக்கும். நாற்பது தாண்டியும் பின்னால் நின்று தடுக்கும் பேக் ஆடினார். ஆள் பழக்குவது, பந்தைத் தைப்பது, சண்டை விலக்குவது எல்லாம் அவர்தான். “தோட்டத்துக்குத் தொர மேனேஜர், பந்துக்கு நான் மேனேஜர். அவருக்குச் சம்பளம், எனக்கு வயித்துக் கலக்கல்” என்பார்.

வயிற்றுக் கலக்கல் நிஜந்தான். பெனால்டி என்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு, “உள்ளயா, வெளியயா?” என்று கேட்டபடி நிற்பார். முன்னால் ஆடும் சின்னத்தம்பி விடமாட்டார்: “அண்ணே, பந்து உள்ள போயி, வெளிய வந்து, கஞ்சியும் குடிச்சிருச்சு. திரும்புங்க!”

நன்றாக ஆடினவனை ஐயாசாமி புகழமாட்டார். “கண்ணு பட்டுரும் லா.” கோல் போட்டவனிடம் போய், “தலைய தொவட்டு, சளி புடிக்கும்” என்பார். அதுதான் பாராட்டு. ஒரு நாள் என்னிடம், “கால பழக்கிரலாம் பூசாரியாரே. பயத்த எடுக்க முடியாது. பயத்தோட ஓடத்தான் பழக்கணும்” என்றார்.

ஆட்டத்துக்கு ஆள் பொறுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டு எங்களை வேலைக்கு நிறுத்துவதே போதும் என்பது அவர் எண்ணம். ஆட்டத்தன்று விடிந்ததும், மனைவி தனலெட்சுமி துவைத்து மடித்த பதினோரு நீலச் சட்டைகளையும் முனியாண்டி கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். இன்றைக்குத் தன் கால் சரியில்லை என்று நினைக்கிறவன் எடுக்காமல் ஒதுங்கிக்கொள்வான். சாமி முன்னால் யாரும் பொய்யாகக் கை நீட்டியதில்லை. கடைசியில் மிஞ்சுகிற சட்டை ஐயாசாமிக்கு.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. பால்வெட்டைக் குறைத்தார்கள். குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அடுத்த தோட்டத்தோடு கோப்பை ஆட்டத்துக்கு முந்தின நாள் கிராணி மனோகரன் வந்து சொன்னார்: “நாளைக்குச் சட்ட போட்டு எறங்குறவன தொர ஊருக்கு அனுப்பமாட்டாரு. மத்தவனுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“இந்தத் தடவ சட்டய நீங்களே கையில குடுத்துருங்க” என்றேன் ஐயாசாமியிடம்.

“யாரு கையில குடுக்காம விடுறது? நான் மாட்டேன். சாமி பாத்துக்கும்.”

சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காலையில் பதினைந்து பேர் கல்லைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. ஒருவன் கை வைத்ததும் எல்லாரும் பாய்ந்தார்கள். மாமன் மச்சான் என்று ஒரே சட்டியில் உண்டவர்கள் முழங்கையால் நெஞ்சில் இடித்துக்கொண்டார்கள். என் விளக்கு உருண்டது. “டேய், சாமிடா, சாமிடா” என்றார் ஐயாசாமி. இன்றைக்கு எதுவும் மிஞ்சாது என்று கண்டதும் அவரும் கூட்டத்துக்குள் விழுந்து ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் அடங்கின பிறகு சின்னத்தம்பி ஓடி வந்தார். மனைவி செல்லத்துக்குக் குளிர்காய்ச்சல். மருந்துக்காக இவர் ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறார். வெறுங்கல்லைப் பார்த்தார். “அலமாக், தொடச்சு வச்சிட்டீங்களா அண்ணே?” என்று சிரிக்கப் பார்த்தார்.

ஐயாசாமி சட்டையை வயிற்றோடு அணைத்தபடி நின்றார். பிறகு சின்னத்தம்பியின் கையில் திணித்தார். “நீ இல்லாட்டி கோலு யாருடா போடுறது? போடு. நான் மனசு மாறுறதுக்குள்ள போடு!”

அன்று எங்கள் தோட்டமே ஜெயித்தது. வரிசை வீடுகளான லயத்தில் ஐயாசாமி வீட்டுக்குப் போய், நல்ல மனசு உங்களுக்கு என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார். “மனசாவது ஒண்ணாவது. அவன் மொகத்த பாத்தேன். அத தெனம் பாத்துகிட்டு இந்த லயத்துல இருக்கப் பயம், அதான்.” தனலெட்சுமி அடுப்படியிலிருந்து, “எல்லாருக்கும் தொவச்சேன். எம் புருசன் முதுகுக்கு ஒண்ணு நிக்கல பாருங்க” என்றாள்.

மறுநாள் பெரட்டில், கப்பலேற்றுவதற்கு மனோகரன் கூப்பிட்ட பேர்களில் ஐயாசாமி பேரும் இருந்தது. பதினோரு பேரும் மண்ணைப் பார்த்தார்கள். தொரையிடம் பேசச் சின்னத்தம்பி ஓரடி எடுத்து வைத்தார். ஐயாசாமி அவர் தோளை அழுத்தி நிறுத்தினார். “செல்லத்த நெனச்சுக்க. சும்மா நில்லு.”

பெக்கோக் ஸ்டேஷனில் அவருக்குத் திருநீறு பூசினேன். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து கடல் தாண்டி வந்த பிள்ளை அவர். அப்பாவை இங்கேதான் புதைத்தார்கள். தனலெட்சுமி பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். துறைமுகத்துக்குப் போகும் வண்டியில் ஏறிய பிறகும், மழையில் பந்தைத் தூக்கி அடிக்காதே, இடது பக்கம் ஆளில்லாமல் விடாதே என்று சின்னத்தம்பியிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி அசைந்தது. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். விடவில்லை. நானும் கூடவே நடந்தேன்.

“பூசாரியாரே, ஊரு பேரு தெரியும். எறங்கி நின்னுகிட்டு, யாரு வீடுன்னு கேக்குறது?” என்றார்.