பெண் பார்க்க வந்த அன்று இரண்டு மீன்கள்

அந்த நாட்களில் நாங்கள் ஜீவனஹள்ளியில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் தங்கையும்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சமைத்தது, துவைத்தது, என் சட்டைக்குப் பொத்தான் தைத்தது, என் குமாஸ்தா சம்பளம் போதாமல் காக்ஸ் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சராகப் போய்ச் சம்பாதித்தது எல்லாம் அவள். எனக்கென்று மிஞ்சியது அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது ஒன்றுதான். அதையும் நான் லட்சணமாகச் செய்யவில்லை. மூன்று இடம் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. நாலாவது இடம் வருவதாக இருந்தது. அதுவும் தட்டிப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

பழியை நான் சுவரின் மேல் போட்டேன். எங்கள் முன்னறைச் சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். வந்தவர்கள் கண்ணெல்லாம் அங்கேதான் போகிறது என்பது என் கண்டுபிடிப்பு. அந்தச் சமயத்தில் ஒரு ஃபைலைக் கொடுக்க மேலதிகாரியின் பங்களாவுக்குப் போனேன். வெகு நேரம் காக்க வைத்தார். ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் உடம்பைவிடப் பெரிய வாலைச் சுமந்துகொண்டு நீல நிறத்தில் ஒரே ஒரு மீன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் காக்க வைத்தது உறைக்கவே இல்லை. கடைசியில் ஃபைலைக் கொடுக்க மறந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் திட்டு வாங்கினேன். ஆனால் வழி பிறந்துவிட்டது. மீன் இருக்கிற வீட்டில் சுவரை எவன் பார்ப்பான்?

"அவங்க என்னைப் பாக்க வராங்களா, மீனைப் பாக்க வராங்களாண்ணா?" என்றாள் தங்கை.

"ரெண்டையும் பாக்கட்டுமே" என்றேன், பெருந்தன்மையாக.

பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து வாங்கினேன். சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் கண்ணாடி வெட்டி வாங்கினேன். சந்துகளில் லப்பம் பூசி அடைத்தேன். காய விட வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கா பொறுமை? அன்று மாலையே தண்ணீர் ஊற்றினேன். நாலு மூலையிலும் ஒழுகி ஸ்டூல், பாய், என் ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் நனைந்தன. தங்கை எல்லாவற்றையும் துடைத்து, லப்பத்தைச் சுரண்டி, மறுபடி அவளே பூசினாள். சனிக்கிழமை வரை தொட்டியைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மணல் கழுவுவதை மட்டும் என்னிடம் விட்டாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து நான் மணல் கழுவ உட்கார்ந்ததால், குடத்தோடு நின்ற பெண்கள் என்னைத் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி வாழ்த்தினார்கள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாய் கிளியும் மீனும் விற்றார். ஒவ்வொரு மீனும் தனி ஜாடியில், ஜாடிகளுக்கு நடுவே அட்டை.

"ஒண்ணு போதும் சாமி. இது ஃபைட்டர். ரெண்டு ஆம்பளை ஒரே தண்ணியில இருந்தா ஜகடாதான், ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொதறிடும்" என்றார்.

நல்ல காரியம் பேசும் வீட்டில் ஒற்றையாக எதையாவது வைப்பார்களா? குத்துவிளக்கே ஜோடியாகத்தான் ஏற்றுகிறோம். அப்படியானால் பெண் மீன் ஒன்று கொடுங்கள் என்றேன். காட்டினார். மண் நிறத்தில், வாலும் இல்லாமல் அழகும் இல்லாமல் ஒன்று. பெண் பார்க்க வருகிற வீட்டில் பெண் மீன் இந்த லட்சணத்தில் இருந்தால் என்ன நினைப்பார்கள்? ஆகவே நீலத்தில் ஒரு ஆண், சிவப்பில் ஒரு ஆண் வாங்கினேன். சிவப்பு, கூறைப்புடவைக்காக. பாயின் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, தொட்டிக்கு நடுவே ஒரு அட்டையைச் செருகி ஆளுக்கொரு பாதி கொடுத்தேன்.

இரண்டும் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்தன. பசி என்று நினைத்து இட்லியைப் பிய்த்துப் போட்டேன். தொட்டி கழுநீர்ப் பானையாகிவிட்டது. அது மூச்சுக்கு மேலே வருகிற ஜாதி என்பது பிறகுதான் தெரிந்தது. கொசுப்புழுதான் தின்னும் என்று கேள்விப்பட்டு, டீ வடிகட்டியோடு சாக்கடை ஓரம் குனிந்து நின்றேன். தெருவே என்னிடம் அன்பாகப் பேசத் தொடங்கியது. வடிகட்டியைத் தங்கை தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரத்திலிருந்து பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையன் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். உட்கார்ந்ததும் அந்த அம்மாள் பார்வை நேரே தொட்டிக்குத்தான் போனது. சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஜோடி மீனா தம்பி? நல்லாருக்கு. நடுவுல என்ன தடுப்பு?" என்றார் அந்த அம்மாள்.

சுரீர் என்றது எனக்கு. ஜோடி சேர்க்கிற நேரத்தில் ஜோடிக்கு நடுவே தடுப்பா! "சும்மாதாம்மா" என்று சொல்லி, மேடையில் திரையை விலக்குகிறவன் போல அட்டையை உருவினேன். மீன்கள் இரண்டும் செவுளை விரித்து, வாலைப் பரப்பி, ஒன்றையொன்று வட்டமிட்டன.

"பாத்தீங்களா, என்ன அன்னியோன்னியம்!" என்றேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் சிவப்பு வாலில் ஒரு துண்டு கிழிந்து மேலே மிதந்தது. பிறகு தண்ணீர் கலங்கித் தெறித்ததுதான் தெரிந்தது, மீன் தெரியவில்லை. நான் சட்டைக் கையோடு தொட்டிக்குள் கையை விட்டேன். ஸ்டூல் ஆடியது. பையன் பாய்ந்து வந்து தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் தங்கை காபித் தட்டோடு வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து, ஒரே வாரில் சிவப்பு மீனை அள்ளினாள்.

"நீ அந்தப் பக்கம் போ! அட்டையை எடுக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன் உனக்கு!" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு பையனிடம், "நீங்க அப்படியே நில்லுங்க, ஸ்டூல் ஆடுது" என்றாள். அவன் "சரிங்க" என்றான். மார்பு வரை நனைந்திருந்தான்.

தொலைந்தது என்று நினைத்தேன். அண்ணனை நாலு பேர் எதிரில் அதட்டுகிற பெண்ணை யார் கட்டுவார்கள்? எல்லாம் என் கைங்கரியம். அந்த அம்மாளோ கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பொண்ணைப் புடிச்சுப் போச்சு. இவனைக் கேக்கவே வேணாம், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நீ சொல்லும்மா, உனக்கு இஷ்டமா?"

அவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. தங்கை சொம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"இஷ்டம்தாங்க. ஆனா எங்கண்ணனைத் தனியா வுட்டுட்டு எப்படி வர்றது? நான் ஒரு நாள் ஊர்ல இல்லன்னா பட்டினியாப் படுத்துக்குவாரு. முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் நான்தான் எங்க ஸ்கூல் டீச்சரம்மா மூலமா வேணாம்னு சொல்லி அனுப்பிச்சேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை. அவளுக்கு எல்லாமே நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றதும் நானாகத்தான் இருந்திருக்கிறேன். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"யாருக்குச் சமைக்கத் தெரியாது? நேத்து நான்தானே சோறு வடிச்சு, ரசம் வெச்சேன்!" என்றேன்.

நான் அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை. தங்கை என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "ஆமாங்க, வெச்சாரு" என்றாள்.