கண்ணாடிச் சில்லில் இலத்திரனை ஓடவிட்ட புவனா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பதுளையில் நான் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரியின் தம்பி தெமோதரையிலிருந்து அழைத்தார். "அக்கா போயிட்டாங்க, டீச்சர்." சில மாதங்களாக நாங்கள் அஞ்சியிருந்த செய்திதான்.

புவனாவும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பௌதிகவியல் படித்தோம். நான் ஊர் திரும்பி ஆசிரியையானேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அவள் ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனாள். ஊரில் உங்களில் பலருக்கு அவள் 'வெளிநாட்டில் ஏதோ பெரிய வேலை'. உண்மையில் அது மிகச் சிறிய வேலை. இலத்திரன் (எலக்ட்ரான்) போன்ற நுண்துகள்களுக்கு வேகமூட்ட, கிலோமீட்டர் கணக்கில் நீளும் துகள் முடுக்கிகள் செய்வதை, லேசர் ஒளியைக் கொண்டு ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் செய்ய முடியுமா என்று பார்ப்பது.

ஒரு விடுமுறையில் உடைந்த சில்லொன்றைக் கொண்டுவந்தாள். அரிசி மணியளவுதான், அதில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. கொழுந்து பறித்துவிட்டு வந்த அவளுடைய சித்தி அதை உற்றுப் பார்த்தார்.

"பல்லெல்லாம் எதுக்கு புள்ள?"

"வெளிச்சம் அலை மாதிரி, சித்தி. ஒருதரம் இலத்திரன முன்னால தள்ளும், அடுத்ததரம் பின்னால இழுக்கும். இந்தப் பல்லு இழுக்கிறத மட்டும் கொறைக்கும்."

சித்தி சற்று யோசித்தார். "அப்ப அது சரியான நேரத்துக்கு வந்து சேரணுமே?"

புவனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க தலைவலியே அதான், சித்தி."

அவளுடைய ஒப்பந்தம் முடியச் சில மாதங்களே இருந்தபோது, இலத்திரன்கள் வேகம் பெற்றதற்கான குறி கணினியில் தெரிந்தது. குழுவே கொண்டாடியது; மாநாட்டில் அறிவிக்க ஏற்பாடாயிற்று. அவள் மட்டும் லேசர் துடிப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பார்த்தாள். இலத்திரன்கள் கடந்துபோன பிறகு ஒளி வந்தால் குறி மறைய வேண்டும். மறையவில்லை. சிதறிய ஒளி உணரியில் விழுந்து ஏமாற்றியிருந்தது. அன்றே குழுத் தலைவரிடம் சொல்லி அறிவிப்பை நிறுத்தினாள்.

"வேலை போயிருமேடி, கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே," என்றேன் தொலைபேசியில்.

"பொறுத்தா மட்டும் இலத்திரன் ஓடிருமா?"

ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டினார்கள். உணரிக்கு மறைப்புக் கட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். ஒருநாள் பாடசாலை இடைவேளையில் அழைத்தாள். "மறையுதுடி! நேரத்துக்கு வந்தா தெரியுது, தாமதப்படுத்தினா மறையுது!" என்று அழுதாள். ஒன்று மறைந்ததற்காக ஒருவர் அப்படி மகிழ்ந்து நான் கண்டதில்லை.

பின்னர் புற்றுநோயோடு ஊருக்கு வந்தாள். கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்பு போகையில் நானும் துணைக்குப் போனேன். சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "அந்த மெஷினுக்குள்ள இருக்கிறதும் முடுக்கிதான்டி. குழாய் எவ்வளவு நீளம்னு கேட்டேன். அசையாம படுங்க மிஸ்னு சொல்லிட்டாங்க."

திரும்பும் பேருந்தில் கேட்டேன். "உன் சில்லு ஒருநாள் இந்த வேலைய செய்யுமா? நம்ம பதுளையிலேயே?"

"தெரியல. இப்போதைக்கு ரொம்பக் கொஞ்சம் இலத்திரன்தான் போகுது. எப்படிக் கூட்டுறதுன்னு..." சொல்லி முடிக்காமல் என் பேனாவை வாங்கினாள். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் பற்களின் புதிய வரிசையொன்றை வரையத் தொடங்கினாள். ஹல்துமுல்லை மலைப்பாதை வளைவுகளில் கோடுகள் கோணிக்கொண்டு போயின. அவள் நிறுத்தவில்லை.

அது சரிவருமா என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாது. நேற்று அதைப் படமெடுத்து அவளுடைய குழுவுக்கு அனுப்பினேன். செய்து பார்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. தாளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.