மார்க்கோவின் பெயருக்காக மெல்பேர்ன் வரை

வியாழன் காலை. சிட்னியின் புறநகரான டூங்கபியின் ஸ்டேஷனில் ஜூன் மாதக் குளிர் விரல்களை விறைக்க வைத்தது. நாலு மணிக்கே எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலைப் போத்தலில் அடைத்து, முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து சென்ட்ரல் வந்துவிட்டேன். மெல்பேர்ன் போகும் பகல் ரயில் ஏழே முக்காலுக்குச் சற்று முன்பு புறப்படும். பதினொரு மணி நேரம், தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், டிக்கெட் நூற்றுப் பதினேழு டொலர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்று சொல்லிச் சொல்லி மகள் களைத்துவிட்டாள். எனக்கு விமானம் ஆகாது.

போவது ஒரு பெயரைக் கேட்க. என் தம்பி ரவி முப்பது வருடத்துக்கு முன் அகதியாக ஜெர்மனிக்குப் போனவன். அங்கே ஒரு குரோவேஷியப் பெண்ணைக் கட்டினான். அவர்களின் மகன் மார்க்கோ ஆறடி ஒன்பது அங்குலம். எங்கள் வீட்டில் ஐந்தடி எட்டைத் தாண்டியவர் எவரும் இல்லை. உயரம் முழுக்கத் தாய்வழி, விரிந்த காது மட்டும் எங்களுடையது. ஜெர்மனியில் ஒரு கழகத்தில் கூடைப்பந்து பழகி வளர்ந்தவன், கடைசி ஒரு வருடம் மெல்பேர்னில் விளையாடினான்.

அமெரிக்காவின் பெரிய லீக் வருடத்துக்கு ஒருமுறை புதிய வீரர்களைப் பெயர் சொல்லித் தெரிவு செய்யும். ட்ராஃப்ட் என்பார்கள். இரண்டு சுற்று, இரண்டு நாள், அறுபது பேருக்குக் கிட்ட. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வயதாகும் வருடம்தான் கடைசி வாய்ப்பு. மார்க்கோவுக்கு இந்த வருடம் இருபத்திரண்டு. இந்த முறை பெயர் வராவிட்டால் அந்த மேடையில் இனி ஒருபோதும் வராது.

ரயிலில் எனக்குப் பக்கத்தில் ஹோம்புஷ்ஷில் குடியிருக்கும் பிரியா என்ற பெண். மதுரைக்காரி. ஒரு ஐடி கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறாள்.

"மெல்பர்ன்ல யாரு இருக்காங்க ஆன்ட்டி?"

"என்ர தம்பியின்ர மகன். பாஸ்கெட்போல் விளையாடுறவன்."

"சூப்பர்! நல்லா விளையாடுவாரா?"

"ஏதோ விளையாடுவான்."

எங்கள் ஆட்களின் வாயில் அதற்கு மேல் வராது. பிள்ளை கம்பஸில் முதலாவதாக வந்தாலும் "ஏதோ பாஸ் பண்ணிட்டான்" என்றுதான் சொல்லுவோம். நாவூறு பட்டுவிடும் என்ற பயம் பாதி, தன் பிள்ளையைத் தானே புகழக் கூடாது என்ற வளர்ப்பு மீதி.

கோல்பேர்ன் தாண்டியதும் மேய்ச்சல் நிலம் முழுக்க வெள்ளையாக உறைபனி. கன்ரீனில் வாங்கிய கோப்பி சுடுதண்ணீரை விடக் கொஞ்சம் மேல். ஐரோப்பாவில் இருந்து வரும் பிள்ளைகளை இந்த ட்ராஃப்டில் குறைத்துத்தான் மதிப்பார்கள், பிறகு அவர்களில் சிலர் எல்லாரையும் தாண்டிப் போவார்கள் என்று ரவி எனக்குச் சொல்லியிருந்ததைப் பிரியாவிடம் சொன்னேன். அவளுக்கு அது புதினமாகவே படவில்லை.

"ஒரு போஸ்ட்டுக்கு எரநூறு ரெஸ்யூமே வரும் ஆன்ட்டி. தெரிஞ்ச காலேஜ் பேரு இருந்தா கண்ணு அங்க நிக்கும். தெரியாத ஊரா இருந்தா கை தானா அடுத்த ஆளுக்குப் போயிடும். தப்புன்னு தெரியும். ஆனா போயிடும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. இலங்கையில் பேராதனைக் கம்பஸில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த எனக்கு இங்கே எல்லா இடமும் "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்" கேட்டுக் கதவைச் சாத்தின. கண்டியில் நிற்கிற பாலம் சிட்னியிலும் நிற்கும் என்று யாரிடம் போய்ச் சொல்ல? மூன்று வருடம் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் பாத்திரம் கழுவிய பிறகுதான் என் பாலங்களுக்கு வேலை கிடைத்தது.

வாகா வாகாவில் ரவியிடம் இருந்து மெசேஜ். முதல் சுற்று முடிந்தது, மார்க்கோ இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை, நாளைக்குத்தான் நம்பிக்கை.

இருட்டிய பிறகு மெல்பேர்னின் சதர்ன் க்ராஸ் ஸ்டேஷன். ட்ராஃப்டுக்கு மகனோடு இருக்கவென்று ஜெர்மனியில் இருந்து வந்திருந்த ரவி என் பையை வாங்கினான். முன்னைவிட மெலிந்திருந்தான். அங்கிருந்து ஸ்பிரிங்வேல் காரில் முக்கால் மணி நேரம். மார்க்கெட்டுக்குப் பின்னால், வியட்நாமியப் பேக்கரிக்கு மேலே மார்க்கோவின் வாடகை வீடு. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி "வாங்கோ மாமி" என்றான். அந்த ஜெர்மன் இழுவையோடு தமிழைக் கேட்டால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு அழுகை வந்தது.

இடியப்பத்தை அடுக்கடுக்காக விழுங்கியபடி விளக்கினான். "அங்க ஜெர்மனியில டீம்ல எல்லாரும் பெரிய ஆக்கள் மாமி. முப்பது, முப்பத்தஞ்சு வயசு. அவையளுக்கு அது வேலை. தோத்தா அடுத்த வருசம் வேலை இல்லை. அதால கோச் எனக்குப் பன்னிரண்டு மினிட்ஸ்தான் தருவார். நாலு பொயிண்ட்ஸ் எடுப்பன். அமெரிக்கால காலேஜ் பெடியன் தன்ர வயசுப் பெடியங்களோட முழு மட்சும் விளையாடி இருபது எடுப்பான். பேப்பர்ல பாத்தா அவன்தான் ஆள்."

"அமெரிக்கால இருந்து ஆக்கள் வந்து பாக்கிறேல்லையே?"

"ஒருக்கா வருவினம். உயரப் பாய்ஞ்சா கண்ணில படும். சரியான இடத்தில நிண்டா ஆருக்கும் தெரியாது."

"அப்ப இஞ்ச, மெல்பேர்ன்ல?"

"ஒக்டோபர்ல முழங்கால் போச்சு. பாதி சீசன் கதிரையிலதான் இருந்தனான்."

ரவிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. போன கிழமை ஒரு அமெரிக்க அணி வீடியோவில் தகப்பனையும் மகனையும் சேர்த்து வைத்துக் கதைத்ததாம். "உங்கட டீமில ஆர் திறம் எண்டு இவனைக் கேட்டவை, அக்கா. எங்கட கப்டன்தான், நான் இன்னும் அவரிட்டப் பழகிறன் எண்டு சொன்னவன். பிறகு என்னைக் கேட்டவை, மகன் எப்பிடி எண்டு. பரவாயில்லை, இன்னும் நிறையப் பழக வேணும் எண்டு சொன்னனான்." சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நல்ல மறுமொழி என்று நானும் சொன்னேன். மார்க்கோ எழும்பிக் கோப்பைகளைக் குசினிக்கு எடுத்துப் போனான்.

வெள்ளி காலை பத்து மணி. மூவரும் டிவிக்கு முன்னால் இருந்தோம். மார்க்கோவின் தாய் ஜெர்மனியில் இருந்து ஃபோனில். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் ரவி கதிரையின் நுனிக்கு வந்து, பிறகு பின்னுக்குச் சாய்ந்தான். இவர்களோடு கதைத்த அணியின் முறை வந்தது. ஒரு அமெரிக்கக் காலேஜ் பையனின் பெயரைச் சொன்னார்கள். பையன் மைக்கைப் பிடித்து, இந்த ட்ராஃப்டிலேயே நான்தான் சிறந்தவன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றான். பக்கத்தில் நின்ற தகப்பன், நூறு வீதம், இவனைப் போல் ஒருவனை நான் கண்டதே இல்லை என்றார்.

ரவி அந்தத் தகப்பனையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அக்கா, நான் பரவாயில்லை எண்டெல்லே சொன்னனான்."

"அப்பா, அது இல்ல. மினிட்ஸ்தான். முழங்கால்தான்." மார்க்கோ தன் பெரிய கையைத் தகப்பனின் தோளில் வைத்தான். அவன் சொல்வது சரியாக இருக்கலாம். அந்தப் "பரவாயில்லை" அவனை எவ்வளவு கீழே இழுத்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

கடைசிப் பெயரும் வந்து முடிந்தது. டிவியை நிறுத்தியது மார்க்கோதான். "மாமி, பிளேன்ரீ போடவா?" என்று கேட்டான். கொண்டு வந்து வைத்தபோது தேத்தண்ணி பாதி தட்டில் கிடந்தது. நான் தட்டில் இருந்ததையும் சேர்த்துக் குடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் ஸ்பெயினில் இருந்து ஒரு கழகம் கூப்பிட்டது. அங்கேயும் பெரிய ஆட்கள், அங்கேயும் பன்னிரண்டு மினிட்ஸ்.

சனி காலை எட்டரைக்குத் திரும்பும் ரயில். இருவரும் சதர்ன் க்ராஸ் வரை வந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்ததும், டிக்கெட் பார்க்க வந்த பெண் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த உயரத்தைப் பார்த்துச் சிரித்தாள். கூடைப்பந்து ஆடுபவரா, நன்றாக ஆடுவாரா என்று கேட்டாள்.

"ஏதோ" என்பதற்கு ஆங்கிலச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நான் கண்டதிலேயே அவன்தான் திறமான ஆள்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நல்லது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த சீட்டுக்குப் போனாள்.

ரயில் நகர்ந்தது. தடித்த கண்ணாடி, வெளியே ஒரு சத்தமும் போயிருக்காது. மார்க்கோ முதுகை வளைத்து என் ஜன்னலைத் தேடினான். பிடிபடவில்லை. அடுத்த பெட்டியில் யாரோ ஒருவருக்குக் கை காட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் ரவியும் அதே ஜன்னலுக்குக் கை காட்டினான்.